கணினியின் பாட்டைகள்

கொழும்பிலிருந்து மலையேறி வந்த புகைவண்டிப் பாதை 1885ஆம் ஆண்டில் நுவரெலியா மாவட்டத்து நானுஓயாவை எட்டியது. அஃது அகலப்பாதை, அதன் தண்டவாளங்களுக்கு இடையே ஐந்தடி ஆறங்குல இடைவெளி உண்டு. சில ஆண்டுகள் கழித்து, நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக வலப்பனைப் பகுதியின் இராகலை வரையில் வேறொரு பாதை அமைந்தது. 1903, 1904ஆம் ஆண்டுகளில் திறக்கப்பட்ட அந்தப் பாதை ஒடுங்கிய பாதை. அதன் இடைவெளி இரண்டடி ஆறங்குலமே. செங்குத்தான சரிவுகளையும் நெருக்கமான வளைவுகளையும் கடந்து செல்வதற்கு அத்தகைய பாதையே ஏற்றதாயிருந்தது. ஆயினும், இரண்டின் அளவும் வேறானமையால் ஒன்றின் வண்டி மற்றொன்றின்மேல் ஓட இயலாது. இராகலைப் பக்கத்துத் தோட்டத்தின் தேயிலைப் பெட்டி இப்பாதை வழியே கொழும்புக்குப் போக வேண்டுமாயின், நானுஓயாவில் ஒரு வண்டியிலிருந்து இறங்கி மற்றொரு வண்டியில் ஏறியே ஆகவேண்டும்.

ஒரு பொருள் ஓரிடத்தில் இருந்தால் மட்டும் போதாது. அதனை அடைவதற்கு வழி வேண்டும். அந்த வழியின் அளவுக்கு ஏற்ற வண்டி வேண்டும். இருவேறு வழிகள் கூடும் இடத்தில் பொருளை மாற்றித் தரும் ஏற்பாடும் வேண்டும். இம்மூன்றும் புகைவண்டிக்கு எவ்வளவு உண்மையோ, மேசைமேல் வைக்கப்பட்டிருக்கும் கணினிக்கும் அவ்வளவு உண்மை. கணினியின் உள்ளேயும் பாதைகள் உண்டு. அவற்றுள்ளும் அகன்றவையும் ஒடுங்கியவையும் உண்டு. பழையன கழிவதும் புதியன புகுவதும் அங்கேயும் நிகழ்கின்றன.

கணினிப் பெட்டியைத் திறந்து பார்ப்பவர்கள் ஒரு பெரிய பலகையையும், அதன்மேல் செருகப்பட்ட சிறிய அட்டைகளையும் காண்பர். கணக்குகளைச் செய்வது மையச் செயலி. ஆனால், செய்த கணக்கைத் திரையில் காட்டுவதற்கு ஒரு சாதனம், தட்டில் எழுதிவைப்பதற்கு ஒரு சாதனம், பிற கணினிகளோடு பேசுவதற்கு ஒரு சாதனம் எனப் பல துணைச் சாதனங்கள் வேண்டும். செயலிக்கும் இச்சாதனங்களுக்கும் இடையே செய்திகள் சென்று வரும் பொதுவழியை ஆங்கிலத்தில் பஸ் என்பர். தெருவில் ஓடும் பஸ்ஸுக்கும் இதற்கும் பெயர் ஒன்றுதான். இரண்டுக்கும் மூலம், எல்லோருக்கும் உரியது எனப் பொருள்படும் ஒம்னிபஸ் என்னும் இலத்தீன் சொல். தமிழில் கணினி நூல்கள் எழுதியோர் இதற்குப் பாட்டை என்று பெயரிட்டனர். பலரும் நடக்கும் பெருவழியைக் குறிக்கும் சொல்லாதலின், இது பொருத்தமான பெயரே.

பாட்டை இருந்தும் அதனை அறிந்தவர் இல்லையாயின் பயன் என்ன? கணினியில் பாட்டைகளை அறிந்து வைத்திருக்க வேண்டியது இயங்குதளத்தின் கர்னல். கர்னல் என்னும் ஆங்கிலச் சொல்லுக்குக் கொட்டையினுள் இருக்கும் பருப்பு என்பது பொருள். திரையில் தோன்றும் படங்களும் எழுத்துகளும் மேலோடு என்றால், அவற்றின் உள்ளே இருந்து செயலியையும் நினைவகத்தையும் சாதனங்களையும் ஆட்சிசெய்யும் நிரலே பருப்பு. கடிதம் எழுதும் மென்பொருள் தட்டோடு நேரே பேசுவதில்லை. அது கர்னலிடம் கேட்கிறது; கர்னல் உரிய பாட்டை வழியே தட்டுக்குச் சொல்லி அனுப்புகிறது.

பெரும்பாலான மக்கள் கர்னலைத் தாமே ஆக்குவதில்லை. பிறர் ஆக்கியதை வாங்கிப் பயன்படுத்துகின்றனர். லினக்ஸ் என்னும் கர்னலோ, விரும்பியவர் தம் இயந்திரத்துக்கு ஏற்றவாறு ஆக்கிக்கொள்ளக்கூடியது. 1991ஆம் ஆண்டில், பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் அதனைத் தொடங்கினார். அவர் முதலில் அதனை எழுதியது, இன்டெல் நிறுவனத்தின் 386 செயலி கொண்ட தமது சொந்தக் கணினிக்காகவே. பின்னர் உலகெங்கும் உள்ள பல்லாயிரம் பேர் அதற்குத் துணைநின்றனர். அதன் மூலநிரலை எவரும் பெறலாம், திருத்தலாம், தொகுக்கலாம்.

தொகுப்பதற்கு முன் ஒரு நீண்ட வினாப்பட்டியல் வருகிறது. இந்தச் செயலியா, அந்தச் செயலியா? இந்தக் கோப்பு முறைமை வேண்டுமா, வேண்டாமா? இவ்வாறு ஆயிரக்கணக்கான வினாக்கள். அவற்றுள் ஒரு தொகுதி, பாட்டைகளைப் பற்றியது. பழைய பதிப்புகளில் ஐ.எஸ்.ஏ., ஈ.ஐ.எஸ்.ஏ., எம்.சி.ஏ., பி.சி.ஐ., பி.சி.எம்.சி.ஐ.ஏ. ஆகிய எல்லாப் பாட்டைகளும் ஒரே தலைப்பின்கீழ் வரிசையாக நின்றன. அண்மைப் பதிப்புகளில் பி.சி.ஐ. பற்றிய வினாக்களிற் பல, சாதன இயக்கிகளுக்குரிய பகுதிக்கு மாற்றப்பட்டுள்ளன. இடம் மாறினும் வினாவின் சாரம் மாறவில்லை. இந்தக் கர்னல் எந்தெந்தப் பாட்டைகளை அறிந்திருக்க வேண்டும் என்பதே அவ்வினா.

பாட்டையைப் பற்றிய வினாவுக்குப் பெரும்பாலும் இரண்டே விடைகள்: ஆம், இல்லை. பாட்டையில் இணைந்த சாதனங்களை ஆளும் இயக்கிகளுக்கோ மூன்று விடைகள் உண்டு. ஆம் என்றால், அந்த இயக்கி கர்னலோடு ஒன்றாகக் கலந்துவிடும். இல்லை என்றால், அஃது ஆக்கப்படவே மாட்டாது. மூன்றாவது விடை, தனிக்கூறு என்பது. அவ்வாறு விடையளித்தால் இயக்கி ஒரு தனிக் கோப்பாகத் தட்டில் கிடக்கும். தேவை நேரும்போது கர்னல் அதனை அழைத்துக்கொள்ளும். வீட்டில் எப்போதும் இருப்பவர், வீட்டோடு தொடர்பில்லாதவர், அழைத்தால் வருபவர் என மூவகை மனிதரை ஒப்பிட்டு இதனை நினைவிற் கொள்ளலாம்.

எல்லாவற்றுக்கும் ஆம் என்று சொல்லிவிட்டால் தொல்லை தீராதா என்று நேயர்கள் கேட்கலாம். தீராது. ஆம் என்ற ஒவ்வொரு விடையும் கர்னலின் பருமனைக் கூட்டும். நினைவகத்தில் இடம் பிடிக்கும். தொகுக்கும் நேரத்தை நீட்டும். அத்துடன், இல்லாத சாதனத்தைத் தேடும் சில பழைய இயக்கிகள், இருக்கும் வேறொரு சாதனத்தின் முகவரியைத் தட்டிப்பார்த்து அதனைக் குழப்பிவிடுவதும் உண்டு. மறுபுறத்தில், எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொல்லிச் சிக்கனம் பிடிப்பவர், இயந்திரம் எழுந்து நிற்கவும் முடியாத நிலைக்கு அதனைக் கொண்டுவந்து விடுவார். இயந்திரத்தை அறிந்து விடையளிப்பதே முறை.

இவ்வினாக்களில் ஒரு நுட்பம் உண்டு. அவை கிளைவிட்ட மரம் போன்றவை. அடிமரத்துக்கு இல்லை என்று விடையளித்தால், கிளைகளைப் பற்றிய வினாக்கள் தோன்றவே மாட்டா. மேசைக்கணினி ஒன்றில் பி.சி.ஐ. பாட்டை வேண்டாம் என்று ஒருவர் சொல்லிவிட்டார் என்று கொள்வோம். அவருடைய வலையமைப்பு அட்டை பி.சி.ஐ. வகையைச் சேர்ந்தது. அந்த அட்டைக்குரிய வினாவைப் பட்டியல் முழுவதும் தேடினாலும் அவர் காணமாட்டார். யூ.எஸ்.பி. துளைகள் வேலைசெய்யும் என்றாவது அவர் நம்பலாம். ஆனால் அத்தகைய கணினியில் யூ.எஸ்.பி.யை ஆளும் சில்லும் பி.சி.ஐ. பாட்டையிலேயே அமர்ந்திருப்பதால், அதுவும் உடன் மறையும். நானுஓயாவில் கிளைப்பாதையை வெட்டிவிட்டால் கந்தப்பளைக்கும் இராகலைக்கும் வண்டி வருமா என்று கேட்க வேண்டியதில்லை அன்றோ?

இப்பாட்டைகள் எப்படித் தோன்றின என்பதைச் சிறிது அறிந்தால் வினாக்கள் எளிதில் விளங்கும். 1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் தனது தனிநபர் கணினியை வெளியிட்டது. அதன் பாட்டை ஒரே வேளையில் எட்டுப் பிட்டுகளைச் சுமந்தது. 1984ஆம் ஆண்டில் வந்த ஏ.டி. என்னும் கணினியில் அது பதினாறு பிட்டுகளாக அகன்றது. இதுவே பின்னர் ஐ.எஸ்.ஏ. எனப் பெயர் பெற்ற பாட்டை. எவரும் அதற்கு அட்டை செய்யலாம் என்ற நிலை இருந்தமையால், பல நிறுவனங்களின் அட்டைகள் சந்தையை நிறைத்தன.

ஆனால் ஐ.எஸ்.ஏ. பாட்டைக்கு ஒரு குறை இருந்தது. அதிற் செருகப்பட்ட அட்டை, தான் யார் என்று சொல்லாது. தனக்குரிய முகவரி எது, செயலியை அழைக்கும் குறுக்கீட்டு இலக்கம் எது என்பவற்றை, அட்டையின் மேலுள்ள சிறு செருகிகளை மாற்றி மனிதரே குறித்துத் தர வேண்டும். குறுக்கீட்டுக் கம்பிகளோ மிகச் சில. இரண்டு அட்டைகளுக்கு ஒரே இலக்கம் அமைந்துவிட்டால் இரண்டும் தடுமாறும். 1990களில் தாமே தம்மை அறிவிக்கும் ஐ.எஸ்.ஏ. அட்டைகள் வந்தன, எனினும் அதற்கு முன் செய்யப்பட்டவை ஊமைகளாகவே இருந்தன.

1987ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் எம்.சி.ஏ. என்ற புதிய பாட்டையைத் தனது பி.எஸ்.2 வரிசைக் கணினிகளில் அமைத்தது. வேகத்திலும் ஒழுங்கிலும் அது ஐ.எஸ்.ஏ.யை விஞ்சியது. ஆனால் பழைய அட்டைகள் அதிற் பொருந்தவில்லை. அதனைப் பயன்படுத்த விரும்பிய பிற நிறுவனங்கள் உரிமத்தொகை தரவும் வேண்டியிருந்தது. எனவே, 1988ஆம் ஆண்டில் கொம்பாக் முதலிய ஒன்பது நிறுவனங்கள் ஒன்றுகூடி, பழைய அட்டைகளையும் ஏற்கும் ஈ.ஐ.எஸ்.ஏ. என்ற பாட்டையை அறிவித்தன. இப்போட்டியில் இரண்டுமே நிலைக்கவில்லை. 1992ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் முன்வைத்த பி.சி.ஐ. பாட்டையே நாளடைவில் எங்கும் பரவியது.

பி.சி.ஐ. முப்பத்திரண்டு பிட் அகலமும், வினாடிக்கு 33 மில்லியன் துடிப்பும் கொண்டு பிறந்தது. வினாடிக்கு ஏறத்தாழ 133 மெகாபைட் தகவலைச் சுமக்கும் அளவு அது. அதன் வேகத்தினும் சிறந்தது அதன் பேச்சு. பி.சி.ஐ. சாதனம் ஒவ்வொன்றும் 256 பைட் அளவுள்ள ஒரு சிறிய பதிவேட்டைத் தன்னிடம் வைத்திருக்கிறது. தன்னைச் செய்த நிறுவனத்தின் எண், தனது வகையின் எண், தனக்கு வேண்டிய இடத்தின் அளவு ஆகியவை அதிற் பதிந்திருக்கும். இன்டெல் நிறுவனத்தின் எண், பதினாறடிமான எழுத்து முறையில் 8086. அந்நிறுவனம் 1978ஆம் ஆண்டில் வெளியிட்ட புகழ்பெற்ற செயலியின் பெயரும் அதுவே. கர்னல் ஒவ்வோர் இடமாகச் சென்று, நீ யார் என்று கேட்கும். சாதனம் விடை சொல்லும். உரிய இயக்கி அதனோடு இணைக்கப்படும். ஊமைகள் இருந்த ஊரில் பேசத் தெரிந்தோர் குடியேறினர் எனலாம்.

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் வந்தது. அகன்ற ஒரே வழியில் எல்லாரும் முறைவைத்து நடப்பதற்கு மாறாக, ஒவ்வொரு சாதனத்துக்கும் தனித் தடங்களை அது தந்தது. முதற்பதிப்பிலேயே ஒரு தடம், ஒரு திசைக்கு வினாடியில் 250 மெகாபைட் சுமந்தது. அதன் பதிவேடு 4096 பைட்டாகப் பெருகியது. ஆனால் கர்னலோடு பேசும் முறையில் அது தன் முன்னோனின் மரபைக் கைவிடவில்லை. ஆதலால் எக்ஸ்பிரஸ் வகைச் சாதனம் மட்டுமே உள்ள கணினியிலும் பி.சி.ஐ. வினாவுக்கு ஆம் என்றே சொல்ல வேண்டும்.

பி.சி.ஐ.க்கு ஆம் என்று சொன்ன பின், 32 பிட் கர்னலை ஆக்குவோரிடம் மற்றொரு வினா கேட்கப்படும். சாதனங்களின் பதிவேட்டைக் கர்னல் எவ்வழியிற் படிப்பது என்பதே அது. கணினியின் பலகையிலேயே பதிந்திருக்கும் பயாஸ் நிரலைக் கேட்டுப் படிக்கலாம். இடைத்தரகரின்றி நேரே படிக்கலாம். நினைவக முகவரிகளின் ஊடாகப் படிக்கலாம். சில பழைய பலகைகளில் பயாஸ் பிழைபட்டிருந்தது. வேறு சிலவற்றில் நேர்வழி செல்லுபடியாகவில்லை. இவற்றுள் எது பொருந்தும் என்று தெரியாதவருக்காக, எவ்வழியேனும் என்ற நான்காவது விடையும் தரப்பட்டுள்ளது. அதனைத் தெரிந்தால் கர்னல் வழிகளை ஒவ்வொன்றாக முயன்று பார்க்கும். தமது பலகையின் இயல்பை ஐயமற அறிந்தவரைத் தவிர ஏனையோர் இதனையே தெரிந்துகொள்வது நன்று.

இனி, செய்முறை. முதலில், ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும் கணினியிடமே அதன் உறுப்புகளைக் கேட்டறிய வேண்டும். லினக்ஸில் எல்.எஸ்.பி.சி.ஐ. என்ற கட்டளை, பி.சி.ஐ. பாட்டையில் உள்ள சாதனங்களை வரிசையாகக் கூறும், யூ.எஸ்.பி.க்கும் அதுபோன்ற கட்டளை உண்டு. அப்பட்டியலை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு வினாக்களுக்கு விடையளிக்கத் தொடங்கினால் பாதி வேலை முடிந்தது. ஐ.எஸ்.ஏ. அட்டை கொண்ட பழைய கணினியாயின், பெட்டியைத் திறந்து கண்ணாற் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஊமையிடம் கேள்வி கேட்டுப் பயன் இல்லை.

இவ்வேலையை எளிதாக்க, 2009ஆம் ஆண்டில் லினக்ஸ் கர்னலில் ஓர் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. லோக்கல்மாட்கான்ஃபிக் என்பது அதன் பெயர். அந்த நேரத்தில் நினைவகத்தில் ஏற்றப்பட்டிருக்கும் தனிக்கூறுகளைப் பார்த்து, ஏனையவற்றை எல்லாம் அது நீக்கிவிடும். ஆயிரக்கணக்கான வினாக்கள் சில நொடிகளில் தீர்ந்துவிடும். ஆயினும், அந்த நேரம் என்ற சொல்லை மறத்தலாகாது. அச்சுப்பொறி அன்று செருகப்படாமல் அலுமாரியில் இருந்தால், அதன் இயக்கி தேவையற்றது என்று கழிக்கப்படும். ஒரு மாதம் கழித்து அச்சுப்பொறியை இணைப்பவர், அது பழுதாகிவிட்டது என்று எண்ணி மயங்குவார். எனவே, பயன்படுத்தக் கருதும் சாதனங்கள் அனைத்தையும் ஒருமுறை இணைத்து இயக்கிவிட்டு, அதன் பின்னரே அந்த ஏற்பாட்டை அழைக்க வேண்டும்.

மிகப் பெரிய இடர் வேறொன்று. இயங்குதளம் முழுவதும் தட்டில் இருக்கிறது. அந்தத் தட்டை ஆளும் இயக்கியும் அதே தட்டில் தனிக்கூறாகக் கிடந்தால் என்ன ஆகும்? இயக்கியைப் பெறுவதற்குத் தட்டைத் திறக்க வேண்டும். தட்டைத் திறப்பதற்கு இயக்கி வேண்டும். பெட்டியின் திறவுகோலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியவர் கதை இது. கர்னல், மூலக் கோப்பு முறைமையை ஏற்ற இயலவில்லை என்ற செய்தியைத் திரையில் எழுதிவிட்டு உறைந்து நின்றுவிடும். இதற்குப் பரிகாரம் இரண்டு. தட்டுக்குரிய பாட்டையையும் இயக்கியையும் கர்னலோடு கலந்துவிடலாம். அல்லது, தொடக்கத்திற்கு வேண்டிய கூறுகளை ஒரு சிறு பொதியாகக் கட்டி, கர்னலோடு சேர்த்தே நினைவகத்தில் ஏற்றுமாறு செய்யலாம். எவ்வாறாயினும், நன்கு இயங்கிய பழைய கர்னலை அழித்துவிடாது தொடக்கப் பட்டியலில் வைத்திருப்பவர் வழிதவறினும் வீடு திரும்புவார்.

இதுகாறும் கூறியவை, தன் இயந்திரத்துக்கு விடையளிக்கும் தனிமனிதரைப் பற்றியவை. வினாப்பட்டியலே சுருங்குவதும் உண்டு. ஒரு பாட்டையைக் கொண்ட இயந்திரங்கள் உலகில் அருகிவிட்டால், அதற்குரிய நிரலைப் பேணுவோரும் சோதிப்போரும் அருகிவிடுகின்றனர். கர்னலின் பிற பகுதிகள் மாறும்போதெல்லாம் அந்நிரலையும் மாற்ற வேண்டியிருக்கிறது. மாற்றியது சரியா என்று பார்ப்பதற்கோ இயந்திரம் இல்லை. அந்நிலையில் அதனை நீக்கிவிடுவர். 1987ஆம் ஆண்டில் பெருமையோடு பிறந்த எம்.சி.ஏ. பாட்டையின் ஆதரவு, 2012ஆம் ஆண்டில் வெளியான லினக்ஸ் 3.5 பதிப்போடு நீங்கியது. அடுத்த ஆண்டில் வெளியான 3.8ஆம் பதிப்பில் 386 செயலிக்கும் விடைகொடுத்தனர். டோர்வால்ட்ஸ் தமது கர்னலை முதன்முதல் ஓட்டிய செயலிக்கே அந்தக் கர்னலில் இடம் இல்லாது போயிற்று.

இராகலைப் பாதைக்கும் ஏறத்தாழ அவ்வாறே நேர்ந்தது. 1940களின் இறுதிக்குள் அந்த ஒடுங்கிய பாதை முழுவதும் மூடப்பட்டுவிட்டது. தெருக்களும் லொறிகளும் அதன் பணியை ஏற்றன. பாதை போன பின்னும் இராகலை போகவில்லை. தேயிலை விளையாமற் போகவில்லை. ஆனால் புகைவண்டியின் அட்டவணையில் அந்த ஊரின் பெயர் இல்லை. கர்னலினின்று ஒரு பாட்டை நீங்கும்போதும், அப்பாட்டையிலுள்ள சாதனம் கெட்டுவிடுவதில்லை. அது முன்போலவே நல்ல நிலையிற் செருகப்பட்டிருக்கும். புதிய கர்னலின் கணக்கில் மட்டும் இல்லாத பொருளாகிவிடும்.

ஆயினும் புகைவண்டிக்கும் லினக்ஸுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பாதையை மூடும் முடிவு தோட்டத்துத் தொழிலாளியைக் கேட்டு எடுக்கப்படுவதன்று. லினக்ஸில், நீக்கக் கருதும் பகுதியைப் பற்றிய செய்தி பொதுவில் வைக்கப்படுகிறது. இன்னும் இதனைப் பயன்படுத்துவோர் உளரோ என்று கேட்கின்றனர். உளர் என்று சான்றோடு சொல்பவர் இருந்து, பேணும் பொறுப்பையும் ஏற்பாராயின், அப்பகுதி நிலைப்பதுண்டு. விடை வராதபோது, பயன்படுத்துவோர் இல்லை என்று கருதப்படும். பழைய இயந்திரங்களை வைத்து வேலைசெய்யும் சிற்றூர்களிலிருந்து அத்தகைய குரல் எழுவது அரிது. அவ்வாறு ஒரு கேள்வி எழுந்தது என்ற செய்தியே அங்கே எட்டுவதில்லை.

இதனை ஒரு தொலைதூரத்துப் பொருள் என்று மலைநாட்டார் எண்ணிவிடுதல் கூடாது. வலப்பனைப் பகுதியில் மழை அளப்பது உயிரோடு தொடர்புடைய வேலை. 2007ஆம் ஆண்டு ஜனவரியில் வலப்பனை, ஹங்குரன்கெத்த பகுதிகளில் பெய்த கடுமழையின் விளைவாக மண் சரிந்து, உயிர்களும் வீடுகளும் அழிந்தன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளை விடுப்பது, பெய்த மழையின் அளவைக் கொண்டே. மழையையும் காற்றின் ஈரத்தையும் அழுத்தத்தையும் தாமே அளந்து பயில விரும்பும் ஒரு பாடசாலைக்கு, இன்று மலிவான சிறு கணினிகள் கிடைக்கின்றன. 2012ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த ராஸ்பெரி பை அவற்றுள் ஒன்று. கையடக்கமான அச்சிறு பலகையிலும் லினக்ஸ் ஓடும்.

அத்தகைய பலகையில் உணரிகளை இணைப்பது பெரும்பாலும் ஐ2சி என்னும் பாட்டை. நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் 1982ஆம் ஆண்டில் வகுத்த அப்பாட்டைக்கு இரண்டே கம்பிகள். ஒன்று தகவலுக்கு, மற்றொன்று தாளத்துக்கு. சிக்கனத்திற் சிறந்த அப்பாட்டை, ஒரு வகையில் ஐ.எஸ்.ஏ.யின் பழைய ஊமைத்தனத்தை மீண்டும் கொண்டுவந்துள்ளது. அதில் இணைந்த உணரி தன் பெயரைச் சொல்லாது. இன்ன முகவரியில் இன்ன உணரி உள்ளது என்று, சாதன மரம் எனப்படும் ஒரு குறிப்பேட்டில் மனிதர் எழுதித் தரவேண்டும். கர்னலிலும் ஐ2சி பாட்டைக்கு ஆம் என்று சொல்லியிருக்க வேண்டும். அப்பலகையில் அப்பாட்டையை ஆளும் சில்லுக்குரிய இயக்கியும் இருக்க வேண்டும்.

இவற்றுள் ஒன்று தவறினாலும் கர்னல் முறையிடாது. தனக்குத் தெரியாத பாட்டையைப் பற்றி அது எவ்வாறு முறையிடும்? பலகை ஒழுங்காக எழும், திரை ஒளிரும், உணரியின் அளவுகள் மட்டும் வரமாட்டா. அத்தகைய சாதனம் இல்லை என்று, அளவைக் கேட்கும் நிரல் மட்டும் சொல்லும். மாணவர்கள் உணரி பழுது என்று கருதுவர். பணம் திரட்டி மற்றோர் உணரி வாங்குவர். அதுவும் பேசாது. இறுதியில், இவையெல்லாம் பட்டணத்துப் பிள்ளைகளுக்கே கைகூடும் என்ற சோர்வு வந்துவிடும். ஒரு வினாவுக்கு இல்லை என்று யாரோ அளித்த விடை, ஒரு வகுப்பின் ஊக்கத்தையே கெடுத்துவிடுகிறது.

எனவே, கணினி ஒன்று தன் சாதனத்தைக் காணவில்லை என்று சொன்னால், சாதனத்தைக் குற்றம் சொல்லுமுன் பாட்டையைப் பார்க்க வேண்டும். அந்தப் பாட்டையைக் கர்னல் அறியுமா? அறியுமாயின், அதன் இயக்கி கர்னலோடு கலந்துள்ளதா, அன்றித் தனிக்கூறாய்க் கிடக்கிறதா? தனிக்கூறாயின், ஏற்றப்பட்டுள்ளதா? சாதனம் தானே பேசுமா, அன்றி அதற்காக மனிதர் எழுதித் தரவேண்டுமா? வரிசையான இந்நான்கு வினாக்களையும் கேட்கப் பழகிய ஒருவர் ஒரு பாடசாலையில் இருந்தாலும் போதும். வீணாகக் குப்பைக்குப் போகும் இயந்திரங்களிற் பல உயிர்பெறும்.

கர்னலின் பாட்டைத் தெரிவுகள், பொறியியலாளர் சிலருக்கு மட்டும் உரிய மறைபொருள் அல்ல. மூலநிரல் எல்லோர்க்கும் திறந்திருக்கிறது, வினாப்பட்டியலும் திறந்திருக்கிறது. ஒவ்வொரு வினாவின் அருகிலும் அதன் பொருளை விளக்கும் குறிப்பு உண்டு. ஐயமுற்றால் எந்த விடையைத் தரலாம் என்பதும் பல இடங்களில் அங்கேயே எழுதப்பட்டிருக்கும். அக்குறிப்புகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. பாட்டைகளைப் பற்றிய பகுதியையேனும் தமிழில் எழுதி, மலையகத்துப் பாடசாலைகளின் கணினி அறைகளில் வைப்பது, ஆசிரியர் இருவரும் மாணவர் சிலரும் கூடினால் ஒரு விடுமுறைக் காலத்தில் முடித்துவிடக்கூடிய பணி. பணம் அதிகம் வேண்டாத அந்தப் பணியைத் தொடங்குவதற்கு, எல்.எஸ்.பி.சி.ஐ. தந்த ஒரு பட்டியலும் ஒரு கொப்பியும் போதும்.